வீட்டுக்குள் ஒரு சம்ப்

சென்னையில் வீடு கட்டியவர்களிடம் 'சம்ப்' என்று சொன்னால் போதும், அரை மணி நேரம் பேசுவார்கள். எத்தனை ஆயிரம் லிட்டர் பிடிக்கும், லாரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும், மூடியை யார் திறந்து போட்டது, கரப்பான் எப்படி உள்ளே போனது என்று கதை நீளும். நான் சொல்லப் போவது அந்த சம்ப் பற்றி அல்ல. எங்கள் வீட்டு ஹாலில், மீன் தொட்டிக்குக் கீழே மர அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு சம்ப் பற்றி. அதைக் கட்டிய கதையையும், அதன் புண்ணியத்தில் எட்டு வருஷம் தாமதமாக நான் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தையும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

2016-இல் ஓய்வு பெற்றேன். 33 வருஷமும் கழிவுநீர் சுத்திகரிப்பில் பொறியாளர் வேலை. கல்யாண வீடுகளில் யாராவது "எங்கே வேலை?" என்று கேட்டால் "தண்ணீர் சம்பந்தமான வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். பக்கத்தில் இலை போட்டிருக்கும்போது விவரம் எதற்கு? வீட்டிலும் அதே பழக்கம்தான். அங்கே என்ன நடந்தது என்று நான் சொன்னதில்லை, மனைவியும் கேட்டதில்லை.

2022 கோடை விடுமுறைக்கு அமெரிக்காவிலிருந்து மகளும் பேரனும் வந்திருந்தார்கள். பேரனுக்கு அப்போது ஆறு வயது. சினிமாவில் பார்த்த ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அலங்கார மீன் என்றால் சென்னையில் கொளத்தூர்தானே. கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், இது கடல் மீன். கோல்டு ஃபிஷ் மாதிரி கண்ணாடித் தொட்டியில விட்டுட்டு ஊருக்குப் போக முடியாது. தொட்டிக்குக் கீழ சம்ப் வைக்கணும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வாசல்ல இருக்கற சம்ப்பைக் கழுவவே ஆள் கிடைக்கல. இப்ப ஹால்ல வேற ஒண்ணா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் நான் பேப்பரில் படம் போட ஆரம்பித்திருந்தேன். கடைக்காரர் விளக்கிய அமைப்பைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சொன்னது 33 வருஷம் நான் பார்த்த வேலையின் பொம்மை வடிவம்.

மீன் தின்கிறது, கழிக்கிறது, செவுள் வழியாகவும் அம்மோனியாவை வெளியே விடுகிறது. அம்மோனியா மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, அவ்வப்போது கொஞ்சம் தண்ணீரை மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். இந்த பாக்டீரியாக்கள் உட்கார இடமும் மூச்சு விட ஆக்ஸிஜனும் கொடுத்தால் சம்பளம் கேட்காமல் வேலை பார்க்கும். 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் கழிவுநீருக்குள் காற்றை ஊதிக் கண்டுபிடித்த முறையிலும் உழைப்பது இந்த மாதிரி நுண்ணுயிர்கள்தான். ஊர்க் கழிவுக்கு அந்த முறையை நடத்திக் காட்டியவனுக்கு நாலு மீன் கழிவு எந்த மூலைக்கு?

அந்தத் திமிருக்குப் பலன் பின்னால் வந்தது. முதலில் கட்டிய விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மேல் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கீழே சம்ப் 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். 6 மில்லிமீட்டர் கண்ணாடியை வெட்டி வாங்கி, மீன் தொட்டிக்கென்று விற்கும் சிலிக்கோன் பசையால் நானே ஒட்டினேன். பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து கலந்த குளியலறை சிலிக்கோனை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. பசை காயும்வரை வீடு முழுக்க வினிகர் வாசனை. "ஊறுகாய்க் கடை மாதிரி இருக்கு" என்றாள். ஒரு வாரம் காயவிட்டு, மொட்டை மாடியில் வைத்துத் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் கசிவு பார்த்தேன்.

சம்ப்புக்குள் மூன்று அறைகள். மேல் தொட்டியில் நிரம்பி வழியும் தண்ணீர் குழாய் வழியாக முதல் அறைக்கு வரும். அங்கே ஒரு துணிப்பை குப்பையைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்திலேயே ஸ்கிம்மர் என்ற கருவி. அது பொடிப்பொடியான காற்றுக் குமிழிகளை ஊதும். தண்ணீரில் கரைந்திருக்கும் அழுக்கு அந்தக் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே ஏறி ஒரு கிண்ணத்தில் சேரும். கடற்கரையில் அலை ஒதுக்கும் நுரையும் இதே சமாசாரம்தான். உப்புத் தண்ணீரில்தான் குமிழி இவ்வளவு பொடியாக வரும், நல்ல தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்கிம்மர் சரிப்படாது.

நடு அறையில் பீங்கான் வளையங்கள். பாக்டீரியாக்களின் குடியிருப்பு அது. முன்பெல்லாம் இதற்குக் கடலிலிருந்து பவளப்பாறைத் துண்டுகளைக் கொண்டுவந்து போடுவார்களாம். நம் நாட்டில் பவளப்பாறைகளுக்கு 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு உண்டு. ராமேஸ்வரம் போனபோது கரையில் பொறுக்கினேன் என்று சொன்னாலும் குற்றம் குற்றம்தான். மீனுக்கு அந்தக் கவலை இல்லை. கோமாளி மீனைப் பொரிப்பகத்திலேயே வளர்க்கும் முறையை மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது. பொரிப்பக மீனாகப் பார்த்துத்தான் வாங்கினேன்.

நடு அறைக்கும் கடைசி அறைக்கும் நடுவில் மூன்று கண்ணாடித் தடுப்புகள். தண்ணீர் ஒன்றின் மேல் ஏறி, அடுத்ததன் கீழே நுழைந்து, மூன்றாவதன் மேல் ஏற வேண்டும். இந்தச் சுற்றில் குமிழிகள் உடைந்துவிடும். கடைசி அறையில் பம்ப். அது தண்ணீரை மறுபடி மேல் தொட்டிக்கு ஏற்றும். வாசல் சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்றுவது போலத்தான். அங்கே ஏறிய தண்ணீர் திரும்பி வராது, இங்கே அதே தண்ணீர் ராத்திரி பகலாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் வரை கடல் உப்புக் கலவை சேர்த்து, அடர்த்தி 1.025 வந்ததும் தொட்டியை நிரப்பினேன். மெரினாவிலிருந்து நாலு குடம் கொண்டுவந்தால் ஆகாதா என்று பலர் கேட்டார்கள். ஊர்க் கரைத் தண்ணீரில் என்னவெல்லாம் கலந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பாக்டீரியா பெருகி நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் வேண்டும். அதுவரை மீன் விடக் கூடாது. பேரன் ஊருக்குத் திரும்ப மூன்று வாரம்தான் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டாவது வாரமே இரண்டு மீன் வாங்கி விட்டேன். நாலாம் நாள் காலையில் இரண்டும் செத்து மிதந்தன. என் கீழே வேலை பார்த்த யாராவது இப்படிச் செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன். பேரன் அழவில்லை. "தாத்தாவுக்கு அவசரம்" என்று பாட்டியிடம் சொன்னானாம்.

அவன் ஊருக்குப் போன பிறகு முறைப்படி காத்திருந்தேன். அம்மோனியா ஏறி இறங்கியது, பிறகு நைட்ரைட் ஏறி இறங்கியது, இரண்டும் சுழியமானதும் ஒவ்வொன்றாக மீன் விட்டேன். இப்போது இரண்டு கோமாளி மீன்களும் மூன்று சிறிய நீல மீன்களும் இருக்கின்றன.

திமிருக்குப் பலன் வந்தது அந்த ஆவணி மாதம். ராத்திரி இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. தண்ணீர் குடிக்க எழுந்த மனைவி ஹாலில் கால் வைத்ததும் சறுக்கி, நல்லவேளை, சோபாவைப் பிடித்துக்கொண்டாள். தரை முழுக்க உப்புத் தண்ணீர்.

காரணம் எளிது. பம்ப் நின்றதும் தண்ணீரை ஏற்றும் குழாய் தலைகீழாக வேலை செய்து மேல் தொட்டியை உறிஞ்ச ஆரம்பிக்கும். குழாயின் வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அதுவரை இறங்கும். என் தொட்டியில் ஒரு அங்குல உயரத் தண்ணீர் என்பது 14 லிட்டர். நான் குழாயின் வாயை 4 அங்குல ஆழத்தில் வைத்திருந்தேன், ஆக 56 லிட்டர். சம்ப்பின் முழுக் கொள்ளளவு 106 லிட்டர். அதில் ஏற்கெனவே 60 லிட்டர் ஓடிக்கொண்டிருந்தது, மிச்ச இடம் 46. பாக்கிப் பத்து லிட்டரும் தரைக்கு வந்தது. ஊருக்கெல்லாம் கணக்குப் போட்டவன் சொந்த ஹாலுக்குப் போடவில்லை.

மறுநாள் குழாயின் வாயை ஒரு அங்குல ஆழத்துக்கு ஏற்றினேன். தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளையும் போட்டேன். மட்டம் இறங்கியதும் துளை வழியாகக் காற்று நுழைந்து உறிஞ்சுவது நின்றுவிடும். துளையில் உப்பும் பாசியும் அடைக்காமல் வாராவாரம் குத்திவிட வேண்டும். பம்ப்பை இன்வெர்ட்டரோடும் இணைத்தேன்.

அதன் பிறகு பராமரிப்பு ஒரு பூஜை மாதிரி ஆகிவிட்டது. தினமும் ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக ஆர்.ஓ. தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும். அதனால் உப்புத் தண்ணீரை ஊற்றினால் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். மூன்று நாளுக்கு ஒருமுறை துணிப்பையை சோப்பு இல்லாமல் அலச வேண்டும். வாரம் ஒருமுறை ஸ்கிம்மர் கிண்ணம். அதிலிருந்து வரும் வாசனை எனக்குப் பழைய அலுவலக வாசனை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்குத் தண்ணீர் மாற்ற வேண்டும். மாதம் ஒருமுறை பம்ப்பைக் கழற்றி வினிகர் கலந்த நீரில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரையும். பீங்கான் வளையங்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது, குளோரின் பட்டால் பாக்டீரியா போய்விடும். மூட்டுகளில் பூக்கும் உப்பைத் துடைக்க வேண்டும். செம்போ பித்தளையோ அந்தத் தண்ணீரில் படவே கூடாது.

வீட்டுக்கு யார் வந்தாலும் இதையெல்லாம் ஒரு பாட்டம் சொல்லிவிடுவேன். வந்தவர்கள் மேலே மீனைப் பார்ப்பார்கள். நான் கீழே அலமாரிக் கதவைத் திறந்து, "கரண்ட் போனா கவலைப்பட வேண்டியது மீனைப் பத்தி மட்டும் இல்லீங்க, இங்க இருக்கற பாக்டீரியாவைப் பத்தியும்தான். அதுக்கு ஓடற தண்ணி வேணும்" என்று ஆரம்பிப்பேன். மனைவி அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவாள். அவள் அந்தத் தொட்டிப் பக்கம் வந்ததே இல்லை. மூட்டுவலி, குனிந்து அலமாரியைத் திறக்கவும் முடியாது. "உங்க சம்ப், உங்க பாடு" என்பதுதான் அவள் நிலைப்பாடு.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. கோயம்புத்தூரில் நண்பர் வீட்டுக் கல்யாணம். மனைவியால் பயணம் முடியாது என்று நான் மட்டும் போயிருந்தேன். அன்று ராத்திரி திரும்ப வேண்டும். மிக்ஜாம் புயலில் ரயில் ரத்து. திங்கட்கிழமை காலை அவளோடு பேச முடிந்தது. விடியற்காலையிலேயே மின்சாரம் போய்விட்டது, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், நாங்கள் முதல் மாடி என்பதால் பயமில்லை என்றாள். "மீன் போனா போகட்டும், நீ பத்திரமா இரு" என்றேன். "சரி" என்றாள். அதன் பிறகு தொடர்பு அறுந்துவிட்டது.

புதன்கிழமை மதியம்தான் வீடு வந்து சேர்ந்தேன். அன்று விடியற்காலைதான் மின்சாரம் திரும்பியிருந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மீன்களும் நீந்திக்கொண்டிருந்தன. தொட்டிக்கு முன்னால் ஒரு முக்காலி, கீழே நனைந்த பழைய புடவைகள், அலமாரிக்குள் ஒரு எவர்சில்வர் சொம்பு. மனைவி சோபாவிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள், முழங்காலில் தைலம் மணத்தது. தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் பால் கணக்கு போல வரிசை வரிசையாகக் கோடுகள்.

எழுந்ததும் கேட்டேன். சொன்னாள். திங்கள் மதியம் இன்வெர்ட்டர் ஓய்ந்துவிட்டது. சாயங்காலம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, சம்ப்பின் கடைசி அறையிலிருந்து சொம்பில் மொண்டு, காப்பி ஆற்றுவது போல உயரத்திலிருந்து மேல் தொட்டியில் ஊற்றியிருக்கிறாள். முதல் 15 லிட்டர் மட்டம் ஏறப் போயிற்று. பிறகு ஊற்றுவதெல்லாம் வழிந்து குழாய் வழியாகச் சம்ப்புக்கு வந்து, பை, வளையம், தடுப்பு என்று சுற்றி மறுபடி அவள் சொம்புக்கு வந்தது. அரை மணிக்கு ஒருமுறை இருபது சொம்பு. ஒரு தடவைக்கு ஒரு கோடு. இரண்டு ராத்திரியும் அலாரம் வைத்து எழுந்திருக்கிறாள்.

"சும்மா மேல் தொட்டியிலேயே மொண்டு ஊத்தியிருக்கலாமே, குனியாம?" என்றேன்.

"கீழ இருக்கறதுக்குத்தான் ஓடற தண்ணி வேணும்னு வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் சொல்வீங்களே."

சொம்பைப் பார்த்தேன். கைக்கு அடக்கமான பித்தளைச் சொம்பு பூஜை அறையில் எப்போதும் இருக்கும். அதை விட்டுவிட்டு எவர்சில்வரைத் தேடி எடுத்திருக்கிறாள்.

"நான்தான் போனா போகட்டும்னு சொன்னேனே?"

"குழந்தைக்கு மூச்சு முட்டினா பார்த்துக்கிட்டா இருக்க முடியும்? எனக்கென்ன, இது புதுசா? உங்க அம்மாவுக்குச் செய்யலையா?"

எனக்குப் புரியவில்லை. "எப்போ?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். 2015 டிசம்பர் வெள்ளம். அப்போது நான் நாலு நாள் வீட்டுக்கு வரவில்லை, பம்பிங் ஸ்டேஷனிலேயே கிடந்தேன். அந்த நாலு நாளைப் பற்றி எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் என் அம்மா படுத்த படுக்கை. படுக்கைப் புண் வராமல் இருக்க ஆல்ஃபா பெட் போட்டிருந்தோம், சிறிய பம்ப் காற்றை மாற்றி மாற்றி ஊதுமே, அது. மின்சாரம் போனதும் அது இறங்கிவிட்டது. இரண்டு மணிக்கு ஒருமுறை, மூன்று ராத்திரியும், இவள் ஒருத்தியாக அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்திருக்கிறாள். அம்மா கனத்த உடம்பு. முதுகில் ஒரு சிவப்புகூட வரவில்லை.

நான் வீட்டுக்கு வந்த அன்று முதலில் கேட்டது என்ன என்று அவளுக்கு நினைவிருக்கிறது. "மோட்டார்ல தண்ணி பூந்துடுச்சா?" என்று கேட்டேனாம். அம்மா 2017-இல் காலமானார். அதற்குள்ளோ அதற்குப் பிறகோ, அந்த நாலு நாள் வீட்டில் எப்படிப் போயிற்று என்று நான் கேட்டதே இல்லை. என் வேலையைப் பற்றி அவள் கேட்டதில்லை என்று மேலே எழுதினேன். அவள் கேட்காமலே காதில் வாங்கியிருக்கிறாள். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

"சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்களே சேறும் சகதியுமா வந்து நின்னீங்க. அப்புறம் மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அன்று காப்பி நான் போட்டேன்.

கடல் மீன் வளர்க்க ஆசைப்படும் நண்பர்களுக்கு ஒரு யோசனை. பேட்டரியில் ஓடும் சிறிய காற்று பம்ப் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதிக விலை இல்லை, மின்சாரம் போனால் தானாக ஓட ஆரம்பிக்கும் வகையும் கிடைக்கிறது. நான் இரண்டு வாங்கி மாட்டிவிட்டேன். மர ஆசாரியைக் கூப்பிட்டு, அதிகம் குனியாமல் கை விடும்படி அலமாரியையும் உயர்த்திவிட்டேன். தண்ணீர் அடர்த்தி பார்ப்பது இப்போது அவள் பொறுப்பு. என்னைவிடக் கறாராகப் பார்க்கிறாள்.

காற்று பம்ப் வந்த பிறகு அந்த எவர்சில்வர் சொம்பை அடுப்படிக்குக் கொண்டுபோக எடுத்தேன். "அது அங்கேயே இருக்கட்டும். நாளைக்கே உங்க பேட்டரி தீர்ந்துட்டா?" என்றாள். இருக்கிறது, சம்ப்புக்குப் பக்கத்திலேயே.